காற்று சென்ற வழி

மருத்துவ ஆய்விதழ்களில் ‘கேஸ் ரிப்போர்ட்’ என்றொரு எழுத்து வகை உண்டு. தமிழில் நோயாளிக் குறிப்பு எனலாம். இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் நீளாது. ஒரு நோயாளி, அவருக்கு நேர்ந்த அபூர்வமான ஒன்று, மருத்துவர்கள் அதை எப்போது கண்டுகொண்டார்கள், என்ன செய்தார்கள், அவர் பிழைத்தாரா இல்லையா என்பதோடு முடிந்துவிடும். நோயாளிக்குப் பெயர் இராது. வயதும் பாலினமும் மட்டுமே இருக்கும். எழுதிய மருத்துவரின் பெயர் மட்டும் தலைப்பின் கீழே அச்சாகியிருக்கும். சிகிச்சையால் விளைந்த கெடுதலைச் சொல்லும் குறிப்பென்றால், தம் கையாலோ தம் மருத்துவமனையிலோ நேர்ந்த ஒரு கெடுதலைத் தம் பெயரிட்டே உலகுக்குச் சொல்கிறார் அவர்.

குடலுக்குள் விளக்கைச் செலுத்திப் பார்க்கும் கருவியின் வரலாறு வழக்கமாக ஒளியின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. மெழுகுவர்த்தியில் தொடங்கி, கண்ணாடி இழை வழியாக, மின்னணுக் கேமரா வரை வந்து சேரும் வெற்றிக்கதை அது. பொய்யான கதை என்று சொல்ல முடியாது. ஆனால் பாதிக் கதை. மறுபாதி துளைகளின் வரலாறு. குடற்சுவரில் விழுந்த துளைகள், அவற்றின் வழியே வெளியேறிய காற்று, அந்தக் காற்று உடலுக்குள் சென்று சேர்ந்த எதிர்பாராத இடங்கள் ஆகியவற்றின் வரலாறு. அந்தப் பாதியை எழுதிவைத்தவை இந்தச் சிறு குறிப்புகளே.

*

உடலின் உள்ளே உயிரோடிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு முதலில் கருவி வடிவம் தந்தவர் பிலிப் போட்சினி. ஜெர்மனியின் மைன்ட்ஸ் நகரில் 1773ஆம் ஆண்டு பிறந்தவர். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி, சில குழாய்கள். இவற்றைக் கொண்டு 1806 வாக்கில் அவர் செய்த ‘ஒளிக்கடத்தி’ வியன்னாவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆனால் பரவவில்லை. 1809ஆம் ஆண்டு, தம் 35ஆவது வயதில், நோயாளிகளிடமிருந்து தொற்றிய டைஃபஸ் காய்ச்சலில் போட்சினி இறந்துபோனார்.

1868ஆம் ஆண்டு ஃப்ரைபுர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மவுல் ஒரு வாள் விழுங்கும் வித்தைக்காரரைத் தேடிப்பிடித்து, அவருடைய தொண்டை வழியாக வளையாத உலோகக் குழாய் ஒன்றை இரைப்பை வரை செலுத்தினார். வாளை விழுங்கப் பழகிய தொண்டை குழாயையும் விழுங்கிற்று. வெளிச்சம்தான் போதவில்லை. அந்தச் சோதனை உணர்த்திய மற்றொன்றும் உண்டு. வாள் விழுங்காத சாதாரண மனிதரின் உடல் நேர்க்கோட்டில் அமைந்ததன்று. வளைவுகளாலான உடலுக்குள் வளையாத குழாயைச் செலுத்தினால் குழாய் வளையாது; சுவர்தான் கிழியும்.

இந்த அச்சத்தோடு வாழ்நாள் முழுதும் மல்லாடியவர் ருடால்ஃப் ஷிண்ட்லர். மியூனிக் மருத்துவர். உணவுக்குழாய் கிழிந்து நோயாளிகள் இறப்பதால் இரைப்பைநோக்கியின் பெயரே கெட்டுப்போயிருந்த காலம் அது. கருவி செய்வதில் வல்லவரான கியோர்க் வோல்ஃபுடன் சேர்ந்து 1932ஆம் ஆண்டு பாதியளவு வளையக்கூடிய நோக்கியை உருவாக்கினார். பரிசோதனையின்போது நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்து நேர்கோணத்தில் வைத்திருந்தவர் அவருடைய மனைவி கேப்ரியல். நாஜி ஆட்சியில் சிறைப்பட்டு, 1934இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, சிகாகோவில் தம் பணியைத் தொடர்ந்தார் ஷிண்ட்லர்.

அவர் செய்தவற்றுள் கருவியைவிட முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. இரைப்பைநோக்கியைப் பயன்படுத்தும் மருத்துவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே கேள்வி. 22,000க்கும் மேற்பட்ட பரிசோதனைகளின் விவரங்கள் சேர்ந்தன. அவற்றை 1940ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒரு கருவியை முன்னெடுத்துச் செல்பவரே அந்தக் கருவியால் நேர்ந்த மரணங்களைக் கேட்டு எண்ணிப் பார்த்தார் என்பது சிறிய செய்தியன்று. பின்னால் வந்த அத்தனை குறிப்புகளுக்கும் மூதாதை என்று அந்தக் கேள்வித்தாளைச் சொல்லலாம்.

*

முழுதும் வளையக்கூடிய நோக்கி பிறந்தது கண்ணாடி இழையிலிருந்து. 1954ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்து டேராடூனில் படித்த அவருடைய மாணவர் நரீந்தர் சிங் கபானியும், கண்ணாடி இழைக் கற்றையின் வழியே படிமத்தைக் கடத்த முடியும் என்று எழுதினர். அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வில்பர் பீட்டர்ஸ், லாரன்ஸ் கர்டிஸ் ஆகியோருடன் வேலையைத் தொடங்கினார். ஒளி இழையிலிருந்து கசிந்துவிடாதபடி ஒரு கண்ணாடிக்கு வேறொரு கண்ணாடியால் உறையிடும் வழியைக் கண்டவர் அப்போது இளநிலை மாணவராயிருந்த கர்டிஸ். 1957ஆம் ஆண்டு உருவான நோக்கியை முதலில் விழுங்கியவர் ஹிர்ஷோவிட்ஸே.

மேலிருந்து இறங்குவதைவிடக் கீழிருந்து ஏறுவது கடினம். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். சில பகுதிகள் முதுகுப்புறச் சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கும். சில பகுதிகள் ஊஞ்சல்போலத் தொங்கும். ஒவ்வொரு வளைவிலும் கருவி சுருண்டுகொள்ளும். 1960களின் நடுப்பகுதியில் இத்தாலியின் சார்டினியாவில் ப்ரொவென்சாலே, ரெவிக்னாஸ் என்ற இருவர் இதற்கு விசித்திரமான வழியொன்றைக் கண்டனர். மெல்லிய குழாயொன்றை நோயாளி வாயால் விழுங்குவார். அது குடல் முழுதும் பயணம் செய்து மலவாயில் வெளிப்படும்வரை காத்திருப்பார்கள். பிறகு அதன் நுனியில் நோக்கியைக் கட்டி, மேலிருந்து இழுப்பார்கள். கிணற்றில் வாளியை இறக்கி ஏற்றுவது போன்ற காரியம். அமெரிக்காவில் பெர்கெய்ன் ஓவர்ஹோல்ட் 1963இலேயே பெருங்குடலின் கீழ்ப்பகுதியை வளையும் நோக்கியால் பார்த்திருந்தார். ஜப்பானிய நிறுவனங்கள் கருவியை ஆண்டுக்கு ஆண்டு செம்மைப்படுத்தின. 1960களின் இறுதிக்குள் பெருங்குடலின் தொடக்கமுனை வரை செல்வது சாத்தியமாயிற்று.

அதுவரை பார்ப்பது மட்டுமே. 1969ஆம் ஆண்டு நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் ஆகியோர் அடுத்த அடியை வைத்தனர். குடற்சுவரின் உட்புறத்தில் காளான்போல முளைக்கும் சதைமுளைகளுக்குப் பாலிப் என்று பெயர். அவற்றுள் சில வகைகள் ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறும். அதுவரை எட்டாத உயரத்திலிருந்த பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறந்து, குடலையும் திறக்க வேண்டியிருந்தது. ஷின்யாவோ நோக்கியின் உள்வழியே ஒரு சுருக்குக் கம்பியைச் செலுத்தி, பாலிப்பின் கழுத்தில் மாட்டி இறுக்கி, மின்சாரத்தைப் பாய்ச்சி அதைச் சுட்டு அறுத்தெடுத்தார். 1973இல் இருவரும் இதை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினர். இதன் முழுப்பயன் தெரிய இருபதாண்டுகள் ஆயின. 1993ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க தேசியப் பாலிப் ஆய்வு, பாலிப் அகற்றப்பட்ட 1,418 பேரைத் தொடர்ந்து கவனித்து, அவர்களிடையே பெருங்குடற்புற்று எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 விழுக்காடு வரை குறைந்திருந்தது என்றது.

ஒளியின் வரலாறு இங்கே மங்கலமாக முடிகிறது. துளையின் வரலாறு இதே இடத்தில்தான் தொடங்குகிறது.

*

பெருங்குடலின் சுவர் சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. வலப்புறத்தில் இன்னும் மெல்லியது. உள்ளே பார்க்க வேண்டுமானால் ஒளி மட்டும் போதாது. சுருங்கிக்கிடக்கும் குடலைக் காற்றடித்து விரிக்க வேண்டும். துளை மூன்று வழிகளில் விழலாம். கருவியின் நுனியோ, சுருண்ட அதன் வளைவோ சுவரை இடித்துக் கிழிக்கலாம். அடித்த காற்றின் அழுத்தமே, குடல் மிக அகன்றும் சுவர் மிக மெலிந்தும் இருக்கும் தொடக்கமுனையை வெடிக்கச் செய்யலாம். மூன்றாவது, சிகிச்சைக்கே உரியது: பாலிப்பைச் சுட்ட மின்சூடு சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கி, அப்போதே அல்லது சில நாட்கள் கழித்து, வெந்த இடம் உதிர்ந்து துளையாகலாம்.

இது அடிக்கடி நேர்வதன்று. பார்ப்பதோடு நின்றுவிட்டால் ஆயிரம் பரிசோதனைகளில் ஒன்றுக்கும் குறைவு. பாலிப்பை அறுக்கும்போது கூடுகிறது. பெரிய பாலிப்பை அடியோடு உரித்தெடுக்கும் நுட்பமான முறைகளில் நூற்றுக்குச் சில என்ற அளவுக்கு உயர்கிறது.

துளை விழுந்தால் என்ன நடக்கும் என்பதை அறுவை மருத்துவம் நெடுநாளாக அறிந்திருந்தது. காற்றும் மலமும் வயிற்றறைக்குள் கசியும். வயிறு பலகைபோல இறுகும். தாங்க முடியாத வலி, காய்ச்சல். உடனே வயிற்றைத் திறக்காவிட்டால் மரணம். பாடநூல் சொன்னது இது. ஆனால் 1970களிலிருந்து இதழ்களில் வரத் தொடங்கிய குறிப்புகள் பாடநூலுக்கு அடங்காதவற்றைச் சொல்லின. 1974ஆம் ஆண்டிலேயே, காற்று வயிற்றறைக்குள் செல்லாமல் அதன் பின்புறத்தே, முதுகை ஒட்டிய திசுக்களுக்குள் பரவிய நிலை பதிவாயிற்று. துளையே இல்லாமல், கருவி இழுத்த இழுப்பில் பெருங்குடலோடு சவ்வால் பிணைக்கப்பட்ட மண்ணீரல் கிழிந்ததும் அதே ஆண்டு பதிவானது. குடலைச் சோதிக்கப்போய் மண்ணீரல் கிழியும் என்று அதுவரை யார் நினைத்திருப்பார்கள்?

பிறகு வந்தவை இன்னும் விசித்திரமானவை. அவற்றுள் பலவற்றுக்குப் பொதுவான ஒரு வடிவம் உண்டு. பாலிப் அகற்றப்பட்ட நோயாளிக்கு வயிற்றில் வலி இல்லை. இருந்தாலும் பொருட்படுத்தத் தக்கதாய் இல்லை. வயிறு மெத்தென்றே இருக்கிறது. சில மணி நேரத்தில் கழுத்து அடைப்பதுபோல் இருக்கிறது என்கிறார். குரல் மாறியிருக்கிறது. கழுத்தும் முகமும் வீங்குகின்றன. மருந்து ஒவ்வாமையோ என்று முதலில் ஐயுறுகிறார்கள். மருத்துவர் வீங்கிய தோலை விரலால் அழுத்துகிறார். அடியில் ஏதோ நொறுநொறுவென்று உடைவதுபோல் உணர்கிறார். தோலுக்கடியில் இருப்பது நீரன்று, காற்று. எக்ஸ்ரே எடுத்தால் இதயத்தைச் சுற்றிக் காற்று. சிலருக்கு நுரையீரலைச் சூழ்ந்த உறைக்குள்ளும் காற்று புகுந்து, நுரையீரல் சுருங்கி, மூச்சுத் திணறுகிறது. வேறு சிலருக்கு அதே காற்று கீழ்நோக்கி இறங்கி விதைப்பையை வீங்கச் செய்கிறது. இவ்வளவுக்கும் காரணம் அடிவயிற்றின் ஆழத்தில், குடற்சுவரில் விழுந்த ஒரு துளை.

குடலில் அடித்த காற்று கழுத்துக்கு எப்படிப் போயிற்று? இதற்கான விடையை 1984ஆம் ஆண்டு மான்டர், பியர்சன், ஹட்சன் என்ற மூன்று மருத்துவர்கள் தெளிவாகத் தொகுத்தார்கள். கழுத்து, மார்பு, வயிறு என்று நாம் தனித்தனி அறைகளாக எண்ணிக்கொள்கிறோம். நடுவே உதரவிதானம் தடுப்புச் சுவராக நிற்பதாகவும் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சுவரில் உணவுக்குழாயும் பெருந்தமனியும் கடந்து செல்லும் வாயில்கள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்திருக்கும் மென்மையான இணைப்புத் திசு கழுத்திலிருந்து மார்பின் நடுப்பகுதி வழியாக, வயிற்றின் பின்புறம் வரை அறுபடாமல் தொடர்கிறது. பெருங்குடலின் ஏறுபகுதியும் இறங்குபகுதியும் அந்தப் பின்புறத்தில்தான் பதிந்திருக்கின்றன. அங்கே துளை விழுந்தால் காற்று வயிற்றறைக்குள் நுழைவதில்லை. இந்த நடைபாதையில் ஏறிவிடுகிறது. வயிறு வலிக்காததன் காரணமும் அதுவே. வலியை உணரும் வயிற்றறைச் சவ்வைக் காற்று தீண்டவே இல்லை.

இதில்தான் ஆபத்து இருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்து ‘ஒன்றுமில்லை, அடைபட்ட காற்றுதான்’ என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட இடமுண்டு. கழுத்தை மட்டும் பார்த்து ஒவ்வாமைக்கு மருந்து கொடுக்கவும் இடமுண்டு. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க, இதற்குமுன் எங்கோ ஒருவருக்கு இப்படி நேர்ந்தது என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை இந்த மருத்துவர் படித்திருக்கவும் வேண்டும்.

*

எழுதியதைப் படித்துத் திருந்த எவ்வளவு காலமாகும் என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே சான்று உள்ளது.

குடல் வாயுவில் ஹைட்ரஜனும் மீத்தேனும் உண்டு. இரண்டும் போதிய அளவில் ஆக்சிஜனோடு கலந்தால் வெடிக்கக்கூடியவை. பாலிப்பை அறுக்கும் மின்பொறியோ அதே குடலுக்குள்தான் எழுகிறது. இந்த அபாயத்தை உணர்ந்த சிலர் அறைக்காற்றுக்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் செலுத்திக் குடலை விரிக்கலாம் என்று 1974ஆம் ஆண்டே எழுதினார்கள். அது எரியாது. உடல் அதை மிக விரைவில் உறிஞ்சி நுரையீரல் வழியே வெளியேற்றிவிடும். ஆனால் பெரும்பாலான இடங்களில் பழைய வழக்கமே தொடர்ந்தது. 1979ஆம் ஆண்டு பிரான்சைச் சேர்ந்த பிகார் முதலான மருத்துவர்கள் ஒரு குறிப்பை வெளியிட்டனர். பாலிப்பை அறுக்க மின்சாரம் பாய்ச்சிய கணத்தில் நோயாளியின் குடல் வெடித்தது, அவர் இறந்துபோனார். குடலைக் கழுவுவதற்கு அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது மானிட்டால் என்ற சர்க்கரை வகைக் கரைசல். சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைந்த மானிட்டாலை அங்கிருந்த நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து ஹைட்ரஜனாக மாற்றியிருந்தன. குடலைத் தூய்மை செய்யக் கொடுத்த பானமே அதை வெடிமருந்துச் சாலையாக்கிவிட்டது.

அந்தச் சில பக்கங்களின் விளைவைப் பலரும் உணராமலே அனுபவிக்கிறார்கள். மின்சூடு பயன்படும் பரிசோதனைக்கு முன் மானிட்டால் கொடுப்பதை மருத்துவர்கள் கைவிடத் தொடங்கினர். 1980இல் அமெரிக்காவில் ஃபோர்ட்ரானும் அவர் குழுவினரும் நுண்ணுயிர்களால் நொதிக்க இயலாத பாலிஎதிலீன் கிளைகால் கலந்த உப்புக்கரைசலை உருவாக்கினார்கள். இன்று பரிசோதனைக்கு முந்தைய நாள் லிட்டர் கணக்கில், முகத்தைச் சுளித்தபடி மக்கள் குடிக்கும் கரைசல் அதன் வழிவந்தது. அந்த உவர்ப்புக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒருவரின் மரணம் இருக்கிறது. கரியமில வாயுவோ பரவலாகப் புழக்கத்துக்கு வர இன்னும் பல்லாண்டுகள் ஆயின. துளையின் வழியே கசிந்தாலும் அது உடலில் தங்காமல் கரைந்துபோகிறது என்பதால், காற்று வழிதவறும் பின்விளைவுகளின் கடுமையும் குறைந்தது.

துளையைத் தடுக்கும் வழியும் பழைய எழுத்தில் காத்திருந்தது. பாலிப்பின் அடியில் உப்புநீரை ஊசியால் ஏற்றி, அதைச் சுவரிலிருந்து சற்றே உயர்த்திவிட்டால் சூடு ஆழத்துக்கு இறங்காது என்று 1955ஆம் ஆண்டு ரோசன்பர்க் எழுதியிருந்தார். வளையாத குழாயின் காலத்தில் எழுதப்பட்ட யோசனை. 1970களில் அது வளையும் நோக்கிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பெரிய பாலிப்புகளை உரித்தெடுக்கும் இன்றைய முறைகளுள் பலவும் அந்த நீர்மெத்தையின் மேல்தான் நடக்கின்றன.

விழுந்துவிட்ட துளையை என்ன செய்வது? துளை என்றால் வயிற்றைத் திறப்பது என்பதே நெடுங்கால விதி. 1993ஆம் ஆண்டு ஹாம்பர்க்கில் பின்மோலர், ஸோஹெண்ட்ரா குழுவினர், இரைப்பையில் கட்டியை அறுத்தபோது விழுந்த துளையை நோக்கியின் வழியே செலுத்திய சிறு உலோகக் கிளிப்புகளால் உள்ளிருந்தே மூடினர். 1997இல் ஜப்பானில் யோஷிகானே முதலானோர் பெருங்குடலின் துளையை அவ்வாறே மூடியதைப் பதிவு செய்தனர். இரண்டும் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளே. இன்று, துளை உடனே கண்ணில் பட்டு, குடல் தூய்மையாகவும் இருந்தால், அறுவையின்றி அப்போதே கிளிப்பிட்டு மூடுவது ஏற்கப்பட்ட மருத்துவம். பின்புறம் பரவிய காற்றுக்கும் பல வேளைகளில் கத்தி தேவைப்படுவதில்லை. உணவை நிறுத்தி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்து, இடைவிடாமல் கண்காணித்தால் உடல் அந்தக் காற்றை மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. நுரையீரல் உறைக்குள் காற்று அடைத்தாலோ, நோய்த்தொற்று பரவினாலோ மட்டும் காத்திருக்க நேரமில்லை.

*

இந்த வரலாற்றைப் படித்து யாரும் பரிசோதனைக்கு அஞ்சி ஒதுங்கிவிட வேண்டியதில்லை. பாலிப் அகற்றப்பட்டதால் புற்று வராமல் தப்பியவர்கள் ஏராளம். துளை விழுந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தச் சிலருள் ஒருவருக்கு விழுக்காட்டுக் கணக்கு ஆறுதல் ஆகாது. அவருக்கு உதவக்கூடியது ஒன்றே: தமக்கு நேர்ந்திருப்பதை எதிரில் நிற்பவர் அடையாளம் கண்டுகொள்வது. பாலிப் எடுத்தபின் தணியாத வயிற்றுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்தில் வீக்கம், குரல் மாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அது முதல் மணியானாலும் நான்காம் நாளானாலும், தாமதியாமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். குடல் பரிசோதனை செய்துகொண்டதையும் மறவாமல் சொல்ல வேண்டும். கழுத்து வீங்கியவர் குடலைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணமன்று. அரை நூற்றாண்டுக் காலக் குறிப்புகள் நமக்குக் கற்றுக்கொடுத்த அறிவு அது.

நோயாளிக் குறிப்புக்கு ஆய்வுலகில் இன்று பெரிய மதிப்பில்லை. ஆயிரக்கணக்கானோரை ஆராயும் ஆய்வுகளே சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஒற்றை நோயாளியின் கதை சான்றுகளின் வரிசையில் கடைசிப் படியில் நிற்கிறது. பொது நிலையை அறிய அந்த வரிசை சரியானதே. ஆனால் ஆயிரம் பேரின் சராசரியில் முதலில் கரைந்து காணாமற்போவது அபூர்வமாக நேர்வதுதான். வழக்கும் இழப்பீடும் பெயர்க்கேடும் அஞ்சி ஒரு மருத்துவர் எழுதாமல் விட்டால், அந்தக் காற்று சென்ற வழி அடுத்த மருத்துவருக்கு மறுபடியும் புதிதாகவே இருக்கும். அவருடைய நோயாளியும் அதற்கான விலையை மறுபடியும் முதலிலிருந்து கொடுப்பார்.

புனைவை மதிப்பவர்கள் பெயர் பெற்ற மாந்தர்களை நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தக் குறிப்புகளின் மாந்தர்களுக்குப் பெயரில்லை. கழுத்து வீங்கிய முதியவர், மண்ணீரல் கிழிந்த பெண்மணி, வெடிப்பில் இறந்த நோயாளி என்று மட்டுமே அவர்கள் எஞ்சியிருக்கிறார்கள். இன்று ஏதோ ஒரு பரிசோதனை அறையில், நடு இரவில், வீங்கிய தோலின் மேல் விரலை வைத்து நொறுநொறுப்பை உணரும் இளம் மருத்துவர் ஒருவர் சட்டென்று குடலை நினைத்துக்கொள்கிறார் என்றால், அங்கே அவர்களுடைய கதைதான் வாசிக்கப்படுகிறது.